பிஞ்சுக்கு நேராக நீட்டிய விரல்

யுத்தம் முடிந்தும் அரிசிக்கு க்யூ முடியாத நாட்கள் அவை. கீரை போடு, கத்தரி போடு, கொல்லையில் ஒரு சாண் இடத்தைக்கூடச் சும்மா விடாதே என்று சர்க்கார் எங்களுக்கு உபதேசித்துக்கொண்டிருந்தது. வயிறு நிறைய உபதேசம் கிடைத்த காலம். திருவொற்றியூரில் நான் குமாஸ்தாவாக இருந்த கம்பெனியையும் அந்தக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. கம்பெனி லைன் வீடு ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கொல்லை உண்டு. இரண்டு பாய் விரித்தால் தீர்ந்தது. மண் என்று பேர், எல்லாம் கடல் மணல். அதில் யார் நன்றாகக் காய்கறி விளைவிக்கிறாரோ அவருக்குக் காலியாகக் கிடக்கும் மூலை வீடு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

மூலை வீட்டில் தனிக் குழாய் இருந்தது. மற்ற வீடுகள் அத்தனைக்கும் தெருக்கோடியில் ஒரே குழாய். சண்டை போடாமல் அங்கே ஒரு குடம் நிரம்பாது. என் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள். இடுப்பில் குடமும் கையில் தவலையுமாகத் தினம் எட்டு நடை நடப்பாள்.

"எனுக்கு நகை வாணா, பொடவை வாணா. அந்தக் கொயாவ மட்டும் வாங்கிக் குடுத்துடுய்யா" என்றாள்.

ஹார்பருக்குப் போகும் கட்டை வண்டிகளின் பின்னாலேயே கூடையோடு நடந்து சாணி பொறுக்கினேன். சட்டைப் பையில் பேனா, தலையில் சாணிக்கூடை. ஆபீஸ் முழுக்கச் சிரித்தது, சிரிக்கட்டும். அவள் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பூசணிக் கொடியை வளர்த்தாள். மூன்று பிஞ்சு பிடித்தது.

பிடித்த அன்றே பழைய வேட்டியைக் கிழித்து மூன்றையும் மூடிவிட்டாள். இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம், கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டுகிறவரின் குடும்பம். அவர் மனைவி நாள் முழுக்க அந்தச் சுவரருகேதான் நிற்பாள்.

"அவ பார்வையே செரியில்லய்யா. அவ பாத்தா பாலே திரிஞ்சிடும். நீயும் வெரல கிரல நீட்டிக் காட்டிடாத, பிஞ்சு அழுவிடும். காட்டணும்னா மடக்கிக் காட்டு."

நான் அந்தக் காலத்துப் பகுத்தறிவுக்காரன். டீக்கடையில் ஆள் கிடைத்தால் ஒரு மணி நேரம் பேசுவேன். கண்ணாவது, மண்ணாங்கட்டியாவது என்று சிரித்தேன். ஆனால் துணியை மட்டும் எடுக்கவில்லை. வீட்டில் நிம்மதி வேண்டாமா?

காய்கள் குழந்தைத் தலை அளவுக்கு வந்தபோது லேபர் ஆபீசர் பார்வையிட வந்தார். முதலில் பக்கத்து வீடு. பிஸ்கட் டின்களில் தக்காளிச் செடி, ஒவ்வொன்றிலும் சுண்டைக்காய் அளவில் நாலைந்து. "நல்லா எண்ணிக்க சார்!" என்று லேத்காரர் கூவியது எங்களுக்குக் கேட்டது. அடுத்து நாங்கள்.

"என்னப்பா இது, துணி உலர்த்தியிருக்கிறாயா? காய் எங்கே?"

"உள்ளே இருக்கிறது சார்."

"எடு, பார்க்கலாம்."

நிறைவயிற்றோடு வாசற்படியில் நின்ற என் மனைவி, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். பகுத்தறிவை வரவழைத்துக்கொண்டு ஒரு துணியை விலக்கினேன். "அடேயப்பா!" என்று ஆபீசர் ஆள்காட்டி விரலைக் காய்க்கு நேராக நீட்டினார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. பாய்ந்து போய் அவர் விரலைப் பிடித்து மடக்கிவிட்டேன். "நீட்டாத சார், அழுவிடும்!" என்று கத்தியது சாட்சாத் என் தொண்டைதான்.

அவர் கையை உதறிக் கைக்குட்டையால் துடைத்தார். மீதி இரண்டைப் பார்க்கவேயில்லை. 'ஒரு காய்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மூலை வீடு லேத்காரருக்குக் கிடைத்தது.

அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீ மட்டும் புடிக்கலன்னா அது அழுவியிருக்கும்" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

லேத்காரர் குடும்பம் மூலை வீட்டுக்குக் குடிபோய் ஒரு வாரம் இருக்கும். ஒருநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே குடத்தோடு திரும்பி வந்தவள், அதை இறக்கி வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். யாரிடமாவது அடி பட்டாளோ என்று பதறிப்போனேன். விஷயம் வேறு. லேத்காரரின் மனைவி க்யூவுக்கே வந்து, இவள் கையிலிருந்து குடத்தைப் பிடுங்கி, "புள்ளத்தாச்சி இங்க இன்னாத்துக்கு நின்னுகினு கீற? எங்க வூட்டுக் கொயா எதுக்குக் கீது?" என்று இழுத்துப்போய்த் தண்ணீர் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். கொடுத்துவிட்டு ஒன்று கேட்டாளாம்.

"பூசணி எப்டிக்கா கீது? கடல்காத்துக்குத் துணி பறந்துகினே இருக்கும். யார் கண்ணாச்சும் பட்டுடப் போவுதுன்னு நான்தான் சொவுத்து மேல குனிஞ்சி இஸ்த்து இஸ்த்து மூடுவேன். இப்ப யாரு மூடறா?"