முன்கூட்டிச் சொன்ன நன்றி

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு வழக்கம் இருந்தது. அன்றைய நாளில் கர்த்தர் செய்த ஒரு நன்மையை ஆளுக்கொன்றாகச் சொல்ல வேண்டும். முதலில் மகள், பிறகு நான், கடைசியில் மனைவி. அவள் சொல்லி முடிக்கும்வரை யாரும் சோற்றில் கை வைப்பதில்லை.

வழக்கத்தை ஏற்படுத்தியவள் மனைவிதான். கம்பம் ஊரில் எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் அவள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள். 'ஜீவன், சுகம், பெலன்' என்று ஒப்பிக்கிற நன்றியை அவள் ஏற்கமாட்டாள். கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும். அன்றைக்கு நடந்ததாக இருக்க வேண்டும். ஒருநாள் மகள், கணக்கு டீச்சர் வரவில்லை, அதற்காக ஸ்தோத்திரம் என்றாள். நான் சிரித்துவிட்டேன். மனைவி சிரிக்கவில்லை. "டீச்சருக்குக் காய்ச்சலா இருந்தா? நாளைக்கி விசாரிச்சுட்டு வந்து சொல்லு" என்றாள். டீச்சர் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தார் என்று மகள் விசாரித்து வந்த பிறகே அந்த நன்றி செல்லுபடியானது.

நான் சமூகப்பணி படித்தவன். காமயகவுண்டன்பட்டிப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்கும் தொழிலாளர்களிடம், முகத்தை மூடிக்கொள்ளுங்கள், கை கழுவாமல் சாப்பிடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பது என் வேலை. இன்று செய்வது நாளை எந்த உடம்பில் போய் நிற்கும் என்று யோசிப்பது இந்த வேலையால் வந்த பழக்கம். மனைவிக்கும் அது தொற்றியிருந்தது. திராட்சை வாங்கிவந்தால் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பழம் பழமாகக் கழுவித்தான் மகளுக்குக் கொடுப்பாள்.

அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபின், வெள்ளிக்கிழமைதோறும் சபையின் பெண்கள் உபவாச ஜெபத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அன்பானவர்கள். நாங்கள் மதுரை மருத்துவமனைக்குப் போன நாள்களில் மகளுக்குச் சோறு போட்டு, தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் அவர்கள்தான். விசுவாசம் என்றால், கேட்டதைப் பெற்றுவிட்டதாகவே எண்ணி முன்கூட்டியே நன்றி சொல்லிவிடுவது என்பது அவர்களுடைய நம்பிக்கை. பிள்ளைகளின் ஜெபத்தை ஆண்டவர் தள்ளமாட்டார் என்று மகளை நடுவில் முழங்கால்படியிடச் சொன்னார்கள். 'அம்மாவைச் சுகமாக்கிவிட்டீரே, ஸ்தோத்திரம்' என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சந்தேகப்படாமல் தினமும் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்கள். அவள் சொன்னபோது எல்லாரும் அழுதார்கள். உள்ளறையில் படுத்திருந்த மனைவிக்கும் அது கேட்டது.

அன்று எல்லாரும் போனபின் அவள் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"நல்லாக்குங்கன்னு கேளு பாப்பா. நல்லாயிருச்சுன்னு சொல்ல வேணாம். நடக்கட்டும், நடந்தப்புறம் சொல்லிக்கலாம்."

மகள் தலையாட்டினாள். ஆனால் சொல்வதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன ஆகிவிடுமோ என்ற பயம் அவளுக்குள் புகுந்துவிட்டிருந்தது. அம்மாவுக்குக் கேட்காதபடி கொல்லைப்பக்கம் போய்ச் சொல்லிவிட்டு வருவாள்.

மழைக்காலம் முடிவதற்குள் மனைவி போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த சில நாள்களில் மறுபடியும் மூவருக்கும் உரிய இடத்தில் இருவராக உட்கார்ந்தோம். "இன்னைக்கி என்னம்மா?" என்று கேட்டேன். மகள் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் இல்லை. வற்புறுத்தினால் கடவுளின் பெயரால் பொய் சொல்லப் பழகிவிடுவாள். விட்டுவிட்டால் அவளுடைய அம்மா அவளுக்குக் கொடுத்ததில் மிச்சமிருக்கும் ஒன்றும் போய்விடும். இரண்டையும் மாற்றி மாற்றி எடைபோட்டுப் பார்த்தேன். முடிவு எதுவும் தெரியாமல், தினமும் கேட்டுவிட்டு, சற்றுப் பொறுத்து, சாப்பிடத் தொடங்கினேன்.

அறுப்பின் பண்டிகை வந்தது. விளைந்ததில் முதல் பங்கை ஆலயத்துக்குக் கொண்டுவரும் நாள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகப் போய்க் காணிக்கையை வைத்து, ஒவ்வொருவரும் ஒரு நன்றி சொல்வார்கள். மனைவியின் இடத்தில் பாடம் எடுக்க வந்திருந்த ஆசிரியை மகளுக்கு ஒரு வாக்கியம் கொடுத்திருந்தார். அதை மகள்தான் என்னிடம் சொன்னாள்.

"அம்மாவ மகிமையில சேத்துக்கிட்டீரே, ஸ்தோத்திரம்னு சொல்லணுமாம். டீச்சர் சொன்னாக."

"உனக்குச் சொல்லணும்னு இருக்கா?"

அவள் வேறொன்று கேட்டாள்.

"ஒருநாளு சொல்லாமத் தூங்கிட்டேம்ப்பா. அதுனாலயா?"

எதைச் சொல்லாமல் என்று நான் கேட்கவில்லை. அத்தனை மாதமும் அந்த ஒரு நாளைச் சுமந்துகொண்டு இந்தக் குழந்தை என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது. "இல்லம்மா. அதுனால இல்ல" என்றேன். "அப்ப எதுனால?" என்றாள். தெரியாது என்றேன். நான் சொன்னதில் அதை மட்டும் அவள் நம்பினாள் என்று நினைக்கிறேன்.

ஆசிரியையிடம் போய், மகள் காணிக்கை மட்டும் வைப்பாள், பேசமாட்டாள் என்று சொன்னேன். அவர் வருத்தப்பட்டார். பிள்ளையை இப்போது விட்டால் பிறகு பிடிக்க முடியாது தம்பி என்றார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

பண்டிகையன்று மகள் ஒரு குலை கறுப்புத் திராட்சையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டுத் தலைகுனிந்து திரும்பிவந்தாள். பின்வரிசையில் யாரோ, தாயில்லாப் பிள்ளை என்று முணுமுணுத்தார்கள். ஆராதனைக்குப் பின் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டபோது அதே குலையை நான் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது திராட்சை ஒரு கிண்ணத்தில் ஈரமாக இருந்தது. காம்பிலிருந்து பழங்களைத் தனித்தனியாக எடுத்து அவளே கழுவியிருந்தாள். நான் வழக்கம்போலக் கேட்டேன். அவள் கிண்ணத்தைக் காட்டினாள்.

"போன பண்டிகைக்கி அம்மா இத உப்புத் தண்ணில போட்டு, ஒவ்வொண்ணாக் கழுவி எனக்குக் குடுத்துச்சு. இது இன்னைக்கி நடக்கல. சொல்லலாமா?"

"சொல்லலாம்மா."

"ஸ்தோத்திரம்னு சொல்லல. நடந்துச்சுன்னு மட்டுந்தான் சொல்றேன்."

என் முறை வந்தது. ஆலயத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு நன்றியை யோசித்து வைத்திருந்தேன். நல்ல வார்த்தைகள் அவை. அவற்றை என்னால் சொல்ல முடியவில்லை.

"நடந்துச்சு. நானும் பாத்தேன்" என்றேன்.

கடைசியாகப் பேசவேண்டியவளுக்காக இருவரும் காத்திருந்தோம். பிறகு மகள் சோற்றைப் பிசையத் தொடங்கினாள்.