புதிர் எந்த வீட்டுக்கு?

சம்பூரில் போரின்போது இழந்த எங்கள் காணி திரும்பக் கிடைத்தபோது அங்கே வீடு இருக்கவில்லை. தூர்ந்த கிணறும் பற்றைக் காடும்தான் இருந்தன. திருகோணமலை நகரத்து வாடகை வீட்டுக்குப் பழகிவிட்ட நான் கணவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

"விதையுங்கோ, வெட்டுங்கோ, வித்துப்போட்டு வாங்கோ. அந்தக் காட்டில எனக்கு இருக்க ஏலாது."

"ஓம்" என்றார். அவருடைய 'ஓமை' நம்பி எந்தக் காரியத்திலும் இறங்க முடியாது.

மாரி மழையோடு நெல் விதைத்தார். பயிர் தலைகாட்டியதும் கட்டாக்காலி மாடுகள் மேய வந்தன. காவலுக்கு ஒரு கொட்டில் போட்டார். காவல் இருப்பவருக்குத் தண்ணீர் வேண்டும், கிணற்றைத் தூர்வாரினார். சோறும் வேண்டுமே என்று நான் கட்டிக்கொண்டு பஸ்ஸில் அலைந்தேன். அலைச்சல் தாங்காமல் அங்கேயே அடுப்பு மூட்டினேன். அடுப்படியில் சும்மா இருக்காமல் மிளகாய் நட்டேன். "அடுத்த கிழமை போயிடுவன்" என்று ஒவ்வொரு கிழமையும் சொன்னேன். மிளகாய் பூத்துக் காய்த்தும் விட்டது.

கதிர் முற்றியது. முதல் கதிரைப் புதிர் என்று வீட்டுக்குக் கொண்டுபோய், அந்த வீட்டு அடுப்பில் பொங்கிய பிறகுதான் புது நெல்லில் கை வைப்போம். கணவர் ஒரு பிடி அறுத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எந்த வீட்டுக்குக் கொண்டு போறது?" என்று கேட்டார்.

நகரத்து வீட்டுச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. கொட்டிலைப் பார்த்தேன். அடுப்பிலிருந்து கிணற்றுக்கு என் கால்கள் ஒரு பாதை போட்டிருந்தன. எனக்கு மெய் சிலிர்த்தது. விவசாயத்தால் மனிதர் ஓரிடத்தில் குடியேறினர் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது இதைத்தானா? எந்தக் காலத்திலோ ஒருத்தி, ஒரு பிடி விதையைத் தூவிவிட்டு, விளைந்ததும் போய்விடலாம் என்றுதான் காத்திருந்திருப்பாள். உலகத்தின் முதல் வீடும் இப்படி ஒரு காவல் கொட்டிலாக இருந்திருக்குமோ? இத்தனை ஊர்களும் நகரங்களும் அவள் போகாமல் நின்றதால் வந்தவையா?

"என்ன, ரவுண் வீட்டுக்குத்தானே?" என்றார் அவர்.

"இஞ்ச தாங்கோ. உலை வைக்கப் போறன்."

அடுத்த நாள் அவர் நகரத்துக்குப் போய் என் அலுமாரியை உழவு இயந்திரத்தில் ஏற்றிவந்தார். அது கொட்டில் வாசலுக்குள் நுழையவில்லை. இருவருமாகச் சேர்ந்து வாசலை வெட்டிப் பெரிதாக்கினோம்.