சிவந்த வாய்க்கரிசி

மாப்பிள்ளை சென்னையில் கெமிஸ்ட் என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். நான் மருந்துக்கடை என்று நினைத்துக்கொண்டேன். தாலி ஏறிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. சந்தேகமாகச் செத்தவர்களின் குடலும் ஈரலும் உப்புத் தண்ணீரில் ஊறி ஜாடி ஜாடியாக வருமாம். அதில் விஷம் இருக்கிறதா என்று பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் அவருடைய சர்க்கார் உத்தியோகம்.

அது போதாதென்று, வாரப் பத்திரிகையில் வேறு பெயரில் கொலைக்கதையும் எழுதினார். கோர்ட்டில் சாட்சி சொல்கிற மனிதர் இப்படிக் கதை கட்டுகிறார் என்று தெரிந்தால் வக்கீல்கள் கிழித்துவிடுவார்கள், வேலையும் போய்விடும். ஆபீஸில் அவர் கையெழுத்து எல்லோருக்கும் பழக்கம். அதனால் அவர் கிறுக்கி அனுப்புவதை என் கையால் திருத்தமாக எழுதித் தபாலில் சேர்ப்பது என் வேலை.

சென்னைக்கு என்னைக் கூட்டிப் போகவில்லை. பொன்னமராவதிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் மாமனார் ஒண்டியாக இருந்தார், அவருக்குப் பொங்கிப் போட ஆள் வேண்டும். ஆக எனக்குக் கிணற்றடி, அடுப்படி, கொலை. கதையைப் பற்றி ஒருத்தரிடமும் வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் வேறு வாங்கியிருந்தார். சில நாள் மூச்சு முட்டும்.

அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த நாத்தனார், அவருடைய அக்கா, பத்திரிகை வந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். நாலு பெண்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பாள். நான் கடலை உடைத்தபடி, ஒன்றும் அறியாதவள் மாதிரி, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பேன். அந்த வாழ்க்கையில் எனக்கிருந்த ஒரே வேடிக்கை அதுதான்.

அந்தத் தொடரில் ஒருத்தி புருஷனுக்கு விஷம் வைக்கிறாள். பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பிணத்துக்கு வாய்க்கரிசி போடும்போது அரிசி சிவந்துபோகிறது. துப்பறிகிறவன் அதைப் பார்த்துவிடுகிறான். அந்த அத்தியாயத்தை எழுதியபோது எனக்கே சந்தேகம். விடுமுறையில் வந்தவரிடம் இப்படி ஆகுமா என்று கேட்டேன். எந்த விஷத்துக்கும் ஆகாது, சும்மா அடித்துவிட்டேன் என்று சிரித்தார்.

அது அச்சாகி வந்த மறுவாரம் மாமனார் தூக்கத்திலேயே போய்விட்டார். முந்தின நாள் சளிக்குக் கஷாயம் கேட்டார், வைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு வழக்கம்போல வெற்றிலையை அடக்கிக்கொண்டு படுத்தவர்தான். தந்தி போய், மகன் ரயிலும் பஸ்ஸும் பிடித்து வந்துசேரும்வரை பிணம் காத்திருந்தது.

குளிப்பாட்டிக் கிடத்தியதும் வாய்க்கட்டைத் தளர்த்தினார்கள். பெண்கள் வரிசையாக வந்து அரிசி போட்டார்கள். என் முறை வந்தது. நான் போட்டுவிட்டு நகர்ந்தபோது நாத்தனார் குனிந்து பார்த்தாள். அரிசி சிவந்திருந்தது.

வெற்றிலை போட்ட வாயில் ஈர அரிசி வேறு எப்படி இருக்கும்? எங்கள் ஊரில் பாதிப்பேருக்கு வாய்க்கரிசி சிவந்துதான் இருக்கும். அதுவரை யாரும் உற்றுப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஒப்பாரி நின்றுவிட்டது. கதை கேட்ட பெண்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நாத்தனார் தம்பியைக் கூப்பிட்டாள். அவர் வந்து பார்த்தார், வெற்றிலைச் சாறு என்றார். விஷத்தால் அரிசி சிவக்காது என்றும் பொறுமையாகச் சொன்னார்.

"ஒனக்கு அது தெரியாது தம்பி. ஆபீஸ்ல பார்த்தா ஒண்ணுமே தெரியாதாம். வெவரம் தெரிஞ்சவுக எழுதியிருக்காக" என்றாள் நாத்தனார்.

விவரம் தெரிந்தவர் அவள் முன்னால்தான் நின்றார். அதை எழுதியவன் நான், அத்தனையும் புளுகு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கூட்டத்தில் நாத்தனார் புருஷனும் இருந்தார். எங்கள் வீட்டோடு வரப்புத் தகராறு, மொட்டைப் பெட்டிஷன் போடுவதில் கைதேர்ந்தவர். என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். நானும் சத்தியத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். இருவருக்குமாகச் சேர்த்து அவரே போட்ட பூட்டு அது.

போலீஸ் வந்தால் குடும்ப மானம் போகும், தூக்குங்கள் என்று பங்காளிகள் முடித்துவிட்டார்கள். எரித்துவிட்டால் நான் செய்யவில்லை என்று எதை வைத்துக் காட்டுவது? அறுத்தாவது பாருங்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது.

அவர் பேசாமல் நின்றதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை போனால் இரண்டு பேருக்கும்தானே கஷ்டம். ஆனால் சுடுகாட்டிலிருந்து வந்து குளித்தவர், ஈரத்துணியோடு நேராக அடுப்படிக்கு வந்தார்.

"கஷாயத்துல என்ன போட்ட?"

"சுக்கு, மிளகு, கருப்பட்டி."

"வேற?"

அந்த 'வேற'யை அவர் ஆபீஸ் குரலில் கேட்டார். கழுவாமல் கிடந்த கஷாய டம்ளரை விளிம்பில் படாமல் எடுத்து, துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஊர் வாயை அடைக்கத்தான் என்றார்.

கருமாதி வரைக்கும் என் கையால் யாரும் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நாத்தனார் வீட்டில் உலை வைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து பரிமாறினார்கள். என் அடுப்பை நான் எனக்காக மட்டும் மூட்டினேன்.

நடுவில் சென்னைக்குப் போனவர் கருமாதிக்குத் திரும்பி வந்து, டம்ளரைச் சோதித்தாயிற்று, ஒன்றுமில்லை என்று எல்லோரிடமும் சொன்னார். கதையிலும் அப்படித்தான் வந்தது என்றாள் நாத்தனார்.

கூட்டம் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாரம் இறங்கிய முகம். நிம்மதியாக இரு என்றார்.

"விஷம் இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டேன்.

என்னிடம் பொய் சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"ரிப்போர்ட் எழுதியிருப்பேன்" என்றார்.

அடுத்த வருஷம் என்னைச் சென்னைக்குக் கூட்டிப் போனார். கடைசிவரை என் கையால்தான் சாப்பிட்டார். முதல் வாயை அவர் விழுங்கும்வரை நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.