சயனைடு மேட்டு வெளிச்சம்

"...மூக்கு என்னுது, கம்மலு என்னுது, நடுவுல கீற கலரு யாருதும்மா?" என்று தனம் அத்தை தன் பேத்தியின் செல்போனைக் கண்ணுக்கு எட்டப் பிடித்துக்கொண்டு கேட்டபோது, எங்கிருந்தோ என் மூக்கில் பழைய ரோஜாப் பவுடர் வாசனை வந்து ஏறியது. பேத்திக்குப் பெங்களூரில் வேலை. இனி அங்கேயே ஹாஸ்டலில் தங்கப் போகிறாள். ஆயாவின் முகத்தைக் கூடவே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு அவள் எடுத்த படத்தில், போன் தானாகவே அத்தையின் கறுப்பைக் கழுவி, சுருக்கங்களைத் தேய்த்து, கோதுமை நிறத்தில் வேறொரு அம்மாளை உட்கார வைத்திருந்தது.

"அதுவே அப்பிடி பண்ணுது ஆயா, நான் ஒன்னும் பண்ணல."

"இதத்தான் அன்னிக்கு ஸ்டுடியோக்காரரும் சொன்னாரு" என்றாள் அத்தை.

அத்தை என் அப்பாவின் தங்கை. நான் ஐந்தாவது படிக்கும்போது அவளுக்குக் கல்யாணம் நடந்தது. கலர் போட்டோ எங்கள் பக்கம் எட்டிப்பார்த்த புதிது. கல்யாணத்துக்கு மறுநாள் பொண்ணும் மாப்பிள்ளையும் அதே துணியில் ஸ்டுடியோவுக்குப் போய் "ஜோடி போட்டோ" பிடித்துக்கொள்ளாவிட்டால், சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்து லைன் வீடுகளில் அது கல்யாணத்திலேயே சேர்த்தி இல்லை. அத்தையின் படத்துக்கோ அதைவிடப் பெரிய வேலை ஒன்று இருந்தது. மாமாவின் அம்மா குடியாத்தத்தில் இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாக இருந்தார். பெண் பார்க்கவும் வரவில்லை, கல்யாணத்துக்கும் வரவில்லை. மாமாவுக்கு ரயில்வேயில் மறுபடி லீவு கிடைத்து இருவரும் ஊருக்குப் போகும்வரை மருமகளை அவர் பார்க்க அந்தப் படம்தான் வழி.

எங்கள் பௌத்த வழக்கப்படி அத்தை வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள். அத்தை நல்ல கறுப்பு, மாமா எலுமிச்சம்பழ நிறம். ஸ்டுடியோவில் பளிச்சென்று விளக்கு வெட்டியது. படம் பெங்களூருக்குப் போய்ப் பிரிண்டாகி வந்தது. மாமா மீசையின் ஒவ்வொரு முடியோடும் இருந்தார். அவர் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புடவையும் ஒரு முழம் மல்லிகையும் ஒரு வரிசைப் பல்லும் இருந்தன. சுரங்கத்தில் வேலை செய்த அப்பா படத்தை வாசலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, லேம்ப் இல்லாம லெவலுக்கு எறங்கிட்டியா?" என்றார். பூமிக்கு அடியில் சுரங்கம் போகும் ஒவ்வொரு தளமும் எங்களுக்கு "லெவல்". அங்கே விளக்கில்லாமல் நின்றால் தன் கையே தனக்குத் தெரியாது. எல்லோரும் சிரித்தோம், அத்தையும் சிரித்தாள்.

ஸ்டுடியோக்காரர் நல்ல மனுஷன், அவரும் கறுப்புதான். இன்னொரு தடவை எடுத்துத் தருகிறேன் என்று அவரே முகம் கழுவ வைத்து, டப்பாவிலிருந்து ரோஜாப் பவுடரை அள்ளி, அத்தைக்கு நெற்றி முதல் கழுத்துவரை அப்பச் சொன்னார். வருகிறவர்கள் எல்லோருக்கும் அங்கே அதுதான் வழக்கம். இந்தப் படத்தில் முகம் வந்தது, ஆனால் சாம்பல் பூத்து ஊதா ஓடிய முகமாக வந்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "சயனைடு மேட்டுல உருண்டு வந்தாப்புல கீறியேடி" என்றாள். சயனைடால் தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய அரைத்த மண் மலை மலையாகக் குவிந்து வெளுத்துக் கிடக்கும் மேடுகளைத்தான் சொன்னாள். இந்தத் தடவை அத்தை சிரிக்கவில்லை. அன்று சாப்பிடவும் இல்லை.

மறுநாள் என்னையும் மாமாவையும் இழுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனாள்.

"இத அனுப்புனா அந்தம்மா வேற ஒருத்திய மருமவன்னு மனசுல வெச்சிக்கும். நாளைக்கு நான் நேர்ல போயி நின்னா, நீ யாருன்னு கேக்கும்."

"நான் இன்னாம்மா பண்றது, பிலிம்மே அப்பிடி" என்று அவர் சுவரைக் காட்டினார். சுவரில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம், பக்கத்தில் வண்ண வண்ணக் கட்டங்கள். சினிமாக்காரி என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். "பெங்களூர்ல இந்தம்மா மூஞ்சி சரியா வருதான்னு பாத்துத்தான் மெஷின செட் பண்றாங்களாம். அந்தம்மாவுக்கு சரின்னா எல்லாருக்கும் சரின்னு கணக்கு."

அத்தை அந்தப் படத்தை நிதானமாகப் பார்த்தாள். "கல்யாணம் அந்தம்மாவுக்கா, எனக்கா?"

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அத்தை முன்னால் நடந்தாள். சாயங்கால வெயில் எங்கள் முதுகில் விழுந்து, எதிரே சயனைடு மேட்டில் பட்டு, கண் கூசும்படி திரும்பி வந்தது. அதுவரை இந்த விஷயத்தில் வாயே திறக்காத மாமா, அத்தை எதற்கோ எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மேட்டின் பக்கம் முகத்தை வைத்தபோது, எட்டி நடந்து அவள் இடது பக்கத்தில் போய் நின்று, "இங்க நின்னா உன் மூஞ்சி நல்லா தெரியுதே" என்றார். கல்யாணமாகி அவர் அவளிடம் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அதுதான். அத்தை நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "ஓடுடி, அவர கேமராவோட கூட்டினு வா" என்று என்னைத்தான் விரட்டினாள்.

ஸ்டுடியோக்காரர் சைக்கிளில் வந்தார். பவுடர் இல்லை, விளக்கு இல்லை. மேட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, அத்தையின் முகத்துக்கு மட்டுமே வெளிச்சத்தை அளந்து வைத்து எடுத்தார். அந்தப் படம் வந்தபோது லைனே எங்கள் வீட்டில் கூடிவிட்டது. அத்தை இருந்தாள், கறுப்பாக, கன்னத்து மேடு மினுங்க, கோபம் இன்னும் முழுசாக ஆறாத கண்ணோடு அப்படியே இருந்தாள். மாமாதான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சட்டை எது முகம் எது என்று தெரியாமல் வெளுத்துப் போயிருந்தார். இதை எப்படி அனுப்புவது, மாப்பிள்ளையைக் காணோமே என்று பெரியவர்கள் கையைப் பிசைந்தார்கள். அப்பா சொன்னார்: "போனா போவுது. மாப்ளய அவங்கம்மாவுக்குத் தெரியாதா இன்னா?"

அந்தப் படம்தான் குடியாத்தம் போனது. பிறகு அத்தை அங்கே போனபோது, வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கட்டிலிலிருந்து மாமியார் "தனம்" என்று கூப்பிட்டார்களாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அத்தை அந்தக் குரலிலேயே சொல்வாள்.

வெகு காலம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன். கறுப்பு முகம் பிலிமில் சரியாக விழவில்லை என்று பிள்ளைகளின் அம்மாமார்கள் சொன்னபோது நகராத பிலிம் கம்பெனிக்காரர்கள், சாக்லேட் விற்பவர்களும் மர மேசை விற்பவர்களும் தங்கள் சரக்கின் நிறம் சரியாக வரவில்லை என்று சொன்ன பிறகுதான் பிலிமைத் திருத்தினார்களாம். அத்தைக்குப் படித்துச் சொன்னேன். "மேசைக்கு கீற மருவாத" என்று சொல்லி வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டாள்.

இப்போது ஷிப்ட் சங்கு ஊதுவதில்லை; சுரங்கத்தை மூடியபின் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் இறங்குவதும் இல்லை. ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை. சுவரில் சிரித்துக்கொண்டிருந்த அந்த வெள்ளைக்கார அம்மாள் எந்தக் குப்பையோடு போனாளோ தெரியாது. மாமாவும் போன வருஷம் போய்விட்டார். மேட்டில் மண் பறக்காமல் இருக்க செடி வைத்திருக்கிறார்கள். அது பிடித்த இடம் பச்சை, பிடிக்காத இடம் பழைய வெளுப்பு.

"மறுபடி எடு, வா" என்று அத்தை போனைப் பேத்தியிடம் திருப்பிக் கொடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து, தெருவைத் தாண்டி, வெயில் முதுகில் விழும்படி மேட்டைப் பார்த்து நின்றாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாக, இடது பக்கம் ஓர் ஆள் நிற்க இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றாள்.