போலீஸக்காவின் கத்தரிக்கோல்

“தலைய ஆட்டாதீங்க. ஆட்டினா காதுக்கு நான் பொறுப்பில்ல.”

பழைய படுக்கை விரிப்பைக் கழுத்தைச் சுற்றிக் கட்டி முடித்ததும் போலீஸக்கா சொல்லும் முதல் வாக்கியம் இது. ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் வீட்டின் பின்புறம், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் ஒரு காலில் விரிசல் விட்டு, கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது. அதில் உட்காருகிறவன் எப்படியும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவான். இருந்தாலும் அக்கா சொல்லாமல் விடமாட்டார்.

அக்காவுக்கு இடது கைப் பழக்கம். கத்தரிக்கோலோ வலது கைக்காரர்களுக்காகச் செய்தது, அதுவும் துணி வெட்டுகிற கத்தரி. கைக்கும் கத்தரிக்கும் ஒத்துவராமல், வலது காதுக்கு மேலே எப்போதும் ஒரு சின்னப் படி விழுந்துவிடும். “அக்கா, இங்க ஒரு படி நிக்குதே” என்று யாராவது தடவிப் பார்த்துச் சொன்னால், “இருக்கட்டும், பேன் ஏறி இறங்க வசதியா இருக்கும்” என்பார். சும்மா வெட்டிக்கொள்கிறவனுக்கு இதற்கு மேல் பேச வாய் ஏது?

அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வெட்டு. கல்யாணமான நாளிலிருந்து புருஷனுக்கு வெட்டிப் பழகிய போலீஸ் வெட்டு. பக்கங்களில் ஒட்ட, மேலே ஒரு விரல் உயரம், பின்கழுத்தில் அளவுகோல் வைத்த மாதிரி நேர்கோடு. கல்லூரி படிக்கிற ஒருவன் யாரோ நடிகனின் படத்தைப் போனில் காட்டி, இதேபோல வேண்டும் என்றான். அக்கா படத்தை வாங்கிப் பொறுமையாகப் பார்த்தார், “நல்லாத்தான் இருக்கான்” என்றார், போலீஸ் வெட்டு வெட்டி அனுப்பினார். என் உச்சியில் இருப்பதே சொற்பம். அதற்கும் அதே வெட்டுதான். “உள்ளத வச்சுத்தானே தம்பி வெட்ட முடியும்!”

அவர் போலீஸ் இல்லை. அவர் வீட்டுக்காரர்தான் போலீஸ்காரர். காய்கறிக் கடைக்காரர் பயத்தில் ஒரு கைப்பிடி கூடப் போட்டால், அக்கா அந்தக் கைப்பிடியை எடுத்துத் திரும்பக் கூடையில் வைத்துவிட்டுத்தான் நகர்வார். “இது எனக்குப் போட்டதில்ல, அவரு தொப்பிக்குப் போட்டது” என்பார். கடைக்காரர் மறுநாளும் போடுவார், அக்கா மறுநாளும் எடுத்து வைப்பார்.

அந்த வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லாமல் கத்தரிக்கோலின் கதை விளங்காது. வீட்டுக்குள் மனிதர் பரம சாது. கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில் மேல் ஏறி நின்று அக்காவைக் கூப்பிடுவார். நோய் பரவி ஊரை மூடிய காலத்தில், கையில் ஒரு தடியும் முன்னால் ஒரு தடுப்புக் கட்டையும் கொடுத்து அவரை நாற்சந்தியில் நிறுத்தினார்கள். அவ்வளவுதான், ஆளே வேறாகிவிட்டார். ஏன் வெளியே வந்தாய் என்று கேட்பதற்கு முன்பே முட்டியில் ஒன்று விழும். பதில் சொல்ல நினைப்பவர்கள் நொண்டிக்கொண்டே சொல்லலாம். பக்கத்து வண்டியில் ஒலிபெருக்கி, “இவை அனைத்தும் உங்கள் நன்மைக்காகவே” என்று ஓதிக்கொண்டிருக்கும். அடிக்கிறவன் சொல்கிற நன்மையை யார் நம்புவார்? இருமல் இருப்பவர்கள் பரிசோதனைக்கு வாருங்கள் என்று அதே ஒலிபெருக்கி அழைத்தபோது, எங்கள் தெரு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமியது.

அக்காவின் பக்கத்து வீடு தச்சர் வீடு. தச்சர் மலைபோல மனிதர், கதவு நிலையைத் தனியாளாகத் தூக்கி நிறுத்துவார். மனைவிக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோக, காலி அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மருந்துக்கடைக்குக் கிளம்பினார். போலீஸ்காரர் அவரை நாற்சந்தியிலிருந்து கடைவரை தவளை மாதிரி குதித்துக்கொண்டே போகச் சொன்னார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவரும் குதித்தார். எவனோ ஒரு புண்ணியவான் அதைப் போனில் பிடித்து அனுப்பிவிட, பொழுது சாய்வதற்குள் ஊரே சிரித்தது. தச்சர் மகளின் வகுப்புக் குழுவிலும் வந்தது. அந்தப் பெண் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். தச்சர் அதற்குப் பிறகு வாசல் பக்கமே வரவில்லை.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்று. அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு அக்காவும் தச்சர் மனைவியும் பேசாத நாளே கிடையாது. யார் வீட்டில் என்ன கொதிக்கிறது என்பதில் தொடங்கி, உலகத்தில் இருக்கிற எல்லா மாமியார்களையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் முடிப்பார்கள். வீடியோ வந்த மறுநாள் அக்கா சுவரோரம் போய்க் கூப்பிட்டார். தச்சர் மனைவி துணியை உதறிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், “உங்க வீட்டுக்காரரு கேட்டா தவளை சௌக்கியமா இருக்குன்னு சொல்லுங்கக்கா” என்றார். அதோடு பேச்சு நின்றது.

“அடிச்சது அவரு, ஊமையானது நான்” என்று என் மனைவியிடம் அக்கா சொல்லி அழுதார். உண்மையாகவே அழுதார். தங்கை மாதிரி இருந்தவள் போனதை அவரால் தாங்க முடியவில்லை. நோய் வீட்டுக்கு வந்துவிடக்கூடாது என்று போலீஸ்காரர் அப்போது ஸ்டேஷனிலேயே தங்கியிருந்தார். அக்கா போனில் பிடித்து, “ஒரு நடை வந்து அந்த அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க” என்றார். “டியூட்டி பார்த்ததுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டா நாளைக்கு எவன் பயப்படுவான்?” என்று வந்தது பதில். அக்கா போனை வைத்துவிட்டு, கேட்கவேண்டியதையெல்லாம் மாவு பிசைந்துகொண்டே மாவிடம் கேட்டார்.

எங்கள் தெரு வங்கி குமாஸ்தாதான் முதலில் பின்கதவைத் தட்டியவர். மேலதிகாரியோடு போனில் முகம் பார்த்துப் பேசவேண்டும், தலையோ புதராகிக் கிடக்கிறது, முடி திருத்தகங்களுக்கெல்லாம் பூட்டு. “போலீஸ் வீட்டுக்குப் போலீஸ் வரமாட்டாங்கல்ல, அதான்க்கா...” என்று இழுத்தார். அக்கா இரண்டு துணியை மூக்கில் கட்டிக்கொண்டு வெட்டிவிட்டார். மறுநாள் இருவர், அதற்கு மறுநாள் பின்சந்தில் வரிசை. சட்டப்படி குற்றம்தான். ஆனால் அக்காவுக்கு வேறு கணக்கு. புருஷன் அடித்த தெருவை ஒவ்வொரு தலையாகத் தடவிக் கொடுத்தாவது திரும்பச் சேர்த்துவிட வேண்டும், அப்படியே சேர்த்துக்கொண்டு போனால் கடைசியில் பக்கத்து வீட்டுத் தலையும் வந்துவிடும், அதன் பின்னாலேயே தங்கச்சியின் பேச்சும் வந்துவிடும்.

கழுத்தில் துணி கட்டிய மனிதனுக்கு உண்மை தானாக வருமோ என்னவோ! ஒலிபெருக்கியிடம் சொல்லாததையெல்லாம் அந்த நாற்காலியில் சொன்னோம். “அப்பாவுக்கு ரெண்டு நாளா மூச்சு வாங்குதுக்கா” என்று, இரண்டாம் தடவை வெட்டிக்கொள்ள வந்த குமாஸ்தாதான் முதலில் வாய்விட்டார். அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, பாதி வெட்டிய தலையோடு அவரைத் துரத்தினார். “மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வீட்ட அடைச்சு வைப்பாங்கன்னு பயமா? நான் வந்து வாசல்ல உக்காந்துக்கறேன், எவன் அடைக்கிறான்னு பாப்போம்.” கிழவர் பிழைத்து வந்தார்.

இதற்கிடையில் ஒரு விநோதம் நடந்தது. ஒருநாள் மருந்து வாங்க நாற்சந்திக்குப் போனேன். எங்கள் போலீஸ்காரர் அன்று வேறு முனையில். தடுப்பருகே நின்ற புதுப் போலீஸ் என் பக்கத்தலையைப் பார்த்தார், பின்கழுத்தைப் பார்த்தார், விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். “எந்த ஸ்டேஷன் சார்?” என்றார். நான் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் அசைத்துக் கடந்துவிட்டேன். செய்தி தெருவில் தீயாகப் பரவியது. அதற்கப்புறம் வரிசை இரண்டு மடங்கு.

மாட்டிக்கொள்ளாமல் இருக்குமா? பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தபோது, கடைக்குப் போய்த் திரும்பும் எங்கள் தெருக்காரர்களைப் பார்த்துவிட்டு, “இந்தத் தெருவுல நம்ம ஆளுங்க நெறைய பேரோ? என்ன ஒழுங்கு, என்ன ஒழுங்கு!” என்று வியந்தார். பக்கத்தில் நின்ற எங்கள் போலீஸ்காரரும் பார்த்தார். வரிசையாகப் போன அத்தனை தலையிலும் வலது காதுக்கு மேலே ஒரு படி. தன் வீட்டுப் படி தெரியாமல் போகுமா? “ஆமா சார்” என்றார். வேறென்ன சொல்வார்? குற்றவாளியைப் பிடித்தால் வீடு திரும்பும்போது சோறு ஏது?

அதிகாரியின் பார்வை அப்படியே இவர் தலைக்கு வந்தது. ஸ்டேஷனிலேயே கிடந்ததில் முடி காதை மூடி, தொப்பி, பொங்குகிற பாலின் மேல் வைத்த மூடிபோல ஆடிக்கொண்டிருந்தது. “பொதுஜனத்துக்கு இருக்கிற ஒழுங்கு உனக்கு இல்லையா? நாளைக்கு இந்தத் தலையோட வேலைக்கு வராதே.” போலீஸ்காரர் முடி திருத்துகிறவர் வீட்டுக்கு ஓடினார். அவரோ ஜன்னலை விரற்கடை அளவு திறந்து, “கடைய மூடச் சொன்னது நீங்கதானே சார்? சட்டத்த மீறினா நீங்களே அடிப்பீங்களே” என்று பணிவோடு சொல்லி, ஜன்னலைச் சாத்திக்கொண்டார். மிச்சமிருந்த ஒரே கத்தரிக்கோல் சொந்த வீட்டில்.

போலீஸ்காரர் வீட்டுக்கு வந்த நேரம்தான் நேரம்! தற்காலிக ஆஸ்பத்திரிக்குக் கட்டில் செய்யத் தச்சரை அன்றுதான் கூப்பிட்டிருந்தார்கள். அனுமதிச் சீட்டுக்குப் புகைப்படம் வேண்டும். “இந்தத் தலையோட படம் எடுத்தா, செஞ்ச கட்டில்ல உன்னையே படுக்க வச்சிருவாங்க” என்று மனைவி விரட்டி அனுப்பியிருந்தார். தச்சர் அக்காவின் முகத்தைப் பார்க்காமலே நாற்காலியில் உட்கார்ந்து, “வெட்டுங்க” என்றார். அக்கா விரிப்பை இரண்டு முறை உதறிக் கட்டியதை, அடுத்த ஆளாக நின்ற நான் பார்த்தேன். பாதித் தலை முடிந்திருக்கும், பின்கதவு திறந்தது. சீருடை, தடி, தொப்பி. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற நால்வரும் எந்தப் பக்கம் மறைந்தார்களோ தெரியாது. எனக்கும் ஓட ஆசைதான், ஆனால் அடுத்த தலை என்னுடையது. தச்சர் திமிறி எழப் பார்த்தார். அக்கா தோளை அமுக்கி உட்காரவைத்தார்.

“என்ன நடக்குது இங்க?” என்றார் போலீஸ்காரர்.

“முடி வெட்டு நடக்குது. வரிசை இருக்கு, நில்லுங்க.”

“நான் யாருன்னு தெரியுமில்ல?”

“தெரியும். கடைசி ஆளு.”

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். தடியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார். அக்கா அவசரப்படவில்லை. தச்சர் தலையை ஓரம் ஓரமாகச் சீராக்கி, துணியை உதறி மடித்தார். “நீங்க அப்புறம் வாங்க தம்பி” என்று எனக்கு உத்தரவு. புருஷனை உட்காரவைத்தார். வாசலை நோக்கி நடந்த தச்சரைக் கூப்பிட்டார். “அண்ணே, போகாதீங்க. இந்தக் கண்ணாடியக் கொஞ்சம் பிடிங்க.” தச்சர் வேண்டாவெறுப்பாக வாங்கி, போலீஸ்காரருக்கு எதிரே பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்கா புருஷனின் பின்கழுத்தில் இரண்டு விரலை வைத்து அழுத்தினார். தலை தாழ்ந்தது. கத்தரிக்கோல் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு காதோரம் வந்து நின்றது.

“அன்னைக்கு அண்ணன் கையில என்ன இருந்துச்சு?”

கத்தரிக்கோல் நகரவில்லை.

“மாத்திரை அட்டை” என்றார் போலீஸ்காரர் தரையைப் பார்த்து.

“பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“பாத்துட்டுமா?”

“ஒருத்தன விட்டா எல்லாரும் அட்டையத் தூக்கிட்டு வருவான்னு நெனச்சேன். அன்னைக்கும் ஒரு அதிகாரி வேற பாத்துட்டு நின்னாரு.” வாயில் முடி விழுந்தது. “தப்பு... தூ... தப்புதான்ண்ணே. குதிக்க வச்சிருக்கக் கூடாது. பாப்பா கிட்டயும் நான் வந்து சொல்றேன்.”

தச்சர் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார். போலீஸ்காரர் தலையைத் தூக்கப் பார்த்தார். விரல்கள் விடவில்லை.

“இன்னும் முடியல” என்றார் அக்கா.

பின்கழுத்து வேலை எப்போதோ முடிந்திருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே நேர்கோடு தெரிந்தது. அக்கா கழுத்தைப் பார்க்கவே இல்லை. தச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தச்சர் மெதுவாகத் தலையசைத்தார். விரல்கள் அப்போதும் எழவில்லை. பக்கத்து வீட்டில் துணி உதறும் சத்தம் நின்றிருந்தது.

“போதும்க்கா, விடுங்க. அந்த மனுஷனுக்குக் கழுத்து சுளுக்கிக்கப் போவுது” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தச்சர் மனைவியின் குரல் வந்தது.

அப்புறம்தான் அக்கா விரலை எடுத்தார்.