எஸ்பியர்க் மேசையில் என் ஸ்கோப்

காரில் இருந்தவர்கள்: நான். மனைவி றஞ்சி. கார் ஓட்டிய மகள் துர்க்கா. பக்கத்து வீட்டுச் சிவம் அண்ணை. என் மடியில், துவாயில் சுற்றிய ஸ்கோப்.

சனி காலை 7.40க்கு, நாங்கள் இருக்கும் டேனிஷ் ஊரான ஹேர்னிங்கிலிருந்து வெளிக்கிட்டோம். எஸ்பியர்க் ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீற்றர். பழைய துவக்கு ஸ்கோப் சேர்ப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை அங்கே கூடுகிறார்கள். துப்பாக்கி இல்லை, அதன் மேல் பூட்டும் தொலைநோக்கி மட்டும். பழுதில்லாததை மேசையில் வைப்பார்கள். பழுதானது கீழே உதிரிப் பெட்டிக்குள் போகும். ஏழு வருடம் பார்க்க மட்டும் போனேன். இந்த முறை மேசைக்கென்று கொண்டுபோனேன்.

ஜேர்மன் வேலை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது. இரும்புக் குழாய். பழைய சாமான் சந்தையில் 150 குரோனர். உள்ளே கிரீஸ் இறுகிக் கிடந்தது. ஒரு மாரிக்காலம் முழுக்கப் பல்லுக்குத்தும் குச்சியால் எடுத்தேன்.

வழியில் வார்டே ஊரைத் தாண்டும்போது சிவம் அண்ணை வாய் திறந்தார்.

"ஊரிலை சண்டை நேரம் உதுக்கு முன்னாலை நிண்டனாங்கள். நீ ஏன் காசு குடுத்து வாங்கினனீ?"

"இப்ப பின்னாலை நிண்டு பாக்கிறன், அண்ணை."

"என்ன தெரியுது?"

வயல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். "மாடு."

றஞ்சி சிரித்தாள்.

9.05. மண்டபம் துறைமுகத்தடியில். நுழைவு ஆளுக்கு 50 குரோனர். மேசை நுனியில் ஓர் அட்டை: 40. மேசையில் எத்தனை ஸ்கோப் என்ற கணக்கு அது.

பரிசோதிப்பவர் ஹென்றிக். முன்பு கடையில் புது ஸ்கோப் விற்றவர். என்னுடையதை யன்னலுக்கு நேரே பிடித்து, துறைமுகத்துப் பாரந்தூக்கியைப் பார்த்தார். உள்ளே இருக்கும், குறி பார்க்கும் கோடு நடுவில் இல்லை. கீழே கிடந்தது.

"உடைந்துவிட்டது," என்று உதிரிப் பெட்டியைக் காலால் இழுத்தார்.

துர்க்கா என் கையைப் பிடித்து, போவோம் என்று டேனிஷில் சொன்னாள். ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பொறு பிள்ளை."

தெரிந்த டேனிஷில் ஹென்றிக்குக்குச் சொன்னேன். புது ஸ்கோப்பில் எவ்வளவு திருகினாலும் கோடு நடுவிலேயே நிற்கும். அது பிறகு வந்த வேலை. பழையதில் திருகினால் கோடே நகரும். இதில் மேலே ஒரு திருகுதான், ஏற்ற இறக்கத்துக்கு. இடம் வலம் எல்லாம் துவக்கில் பூட்டும் பிடியில் சரிபார்ப்பது.

"பக்கத்துக்கு விலகியிருந்தால் உடைசல். இது கீழேதான் நிற்கிறது. திருகிப் பார்."

திருகினார். நிறுத்தினார். மறுபடி திருகினார். ஸ்கோப்பைத் துர்க்காவிடம் நீட்டினார். அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"அப்பா, நடுவிலை நிக்குது."

ஹென்றிக் மேசையில் இரண்டு ஸ்கோப்பைத் தள்ளி இடம் எடுத்தார்.

கண்காட்சி ஞாயிறு மாலை வரை. ஸ்கோப்பை அங்கேயே விட்டோம்.

"துவாயையும் வைச்சிட்டு வா, அதுக்குக் குளிரும்," என்றார் சிவம் அண்ணை.

ஊரிலும் சரி, இங்கே தொழிற்சாலையிலும் சரி, நான் சொல்லி ஒருவரும் தன் பிழையைத் திருத்தியதில்லை. வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். அட்டையில் பழைய எண்ணை வெட்டிப் பேனையால் எழுதியிருந்தது.

41.