சூடு ஆறிய வண்டி

எங்கள் காட்டுப்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது இர்யா ஹுத்தினனின் டாக்சிதான். நகராட்சி ஒப்பந்தம். கணவன் போன பிறகு அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

அந்த இலையுதிர்காலத்தில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்கத் தொடங்கியது. விளக்கு எரியும், ஸ்டார்ட்டர் சுற்றும், இஞ்சின் பிடிக்காது. கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். அதற்குள் பள்ளியில் மணி அடித்திருக்கும்.

ஊரில் ஒரே ஒர்க்‌ஷாப், ரெய்யோவுடையது. வேலை முடியும்வரை பக்கத்தில் நிற்பது இங்கே வழக்கமில்லை. முந்தின மாலையே வண்டியை விட்டு, ஒர்க்‌ஷாப் கதவிலுள்ள பெட்டியில் சாவியைப் போட்டுவிட்டு நடந்து போய்விடுவோம். இர்யாவும் அப்படித்தான் செய்தாள். காலையில் ரெய்யோ முடுக்கினால் உடனே பிடிக்கும். கம்ப்யூட்டரைச் செருகினாலும் கோளாறு ஒன்றும் காட்டாது.

"உன் வண்டி என்னைவிட நல்லா இருக்கு, இர்யா."

"நேத்து பாலத்துக்கிட்ட நின்னுச்சே."

"என்னைப் பார்த்தா அதுக்குப் பயம் போல."

சிரித்துக்கொண்டே காப்பி ஊற்றினான். அவளும் குடித்தாள். ஊற்றின காப்பியை இங்கே யாரும் மறுப்பதில்லை. மறுத்தால் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது என்று அர்த்தம்.

வண்டியில் கோளாறு இல்லை என்று ரெய்யோ சொன்னது ஊரெல்லாம் பரவியது. அப்படியானால் கோளாறு ஓட்டுகிறவளிடம்தான். குடிக்கிறாள் என்று கடையில் பேசினோம். அவள் முகத்துக்கு நேரே யாரும் கேட்கவில்லை. நகராட்சிக்குச் சொன்னார்கள். நகராட்சி ரெய்யோவிடம் விசாரித்தது. ஒப்பந்தம் நகரத்துக் கம்பெனிக்குப் போனது.

அதன் பிறகு ஒரு மதியம் இர்யா ஓட்டிவந்த வண்டி ஒர்க்‌ஷாப் வாசலிலேயே நின்றுபோனது. என் வண்டிச் சாவியை வாங்க நான் போயிருந்தேன். ரெய்யோ கம்ப்யூட்டரோடு வெளியே வந்தான். ஸ்டார்ட்டர் சுற்றியது, திரையில் இஞ்சின் வேகம் பூஜ்யம். கீழே படுத்து, இஞ்சின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சார்மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினான்.

"இப்ப முடுக்கு."

பிடித்தது.

"சூடேறினா செத்துப்போகுது. ஆறினா உயிர் வந்துடுது" என்றான், தரையில் படுத்தபடியே.

"ராத்திரி பூரா ஆறவிட்டுத்தானே நீ பார்த்தே" என்றாள் இர்யா.

"சூடா இருக்கறப்பவே கொண்டுவந்திருக்கலாமே."

"எப்ப நிக்குதுன்னு நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்தச் சென்சாரைக் கழற்றிப் புதிதை மாட்டினான்.

"நகராட்சிக்குப் போன் பண்ணு, ரெய்யோ. கோளாறு இருந்துச்சுன்னு சொல்லு."

"புது ஒப்பந்தம் கையெழுத்தாயிடுச்சாம். இனி சொல்லி என்ன ஆகப்போவுது? அன்னிக்குப் பார்த்ததைத்தான் சொன்னேன். பொய் சொல்லலையே."

"இல்ல. பொய் சொல்லல."

ரெய்யோ கையைத் துடைத்துக்கொண்டு கோப்பையில் காப்பி ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினான்.

"வேண்டாம்" என்றாள் இர்யா.

வண்டி கிளம்பிப் போனது. பாலத்தைத் தாண்டி அது ஏறும் சத்தம் தடங்கலில்லாமல் கேட்டது. ரெய்யோ கோப்பையை என் பக்கம் தள்ளினான்.

நான் குடித்தேன்.